சிறு விமானமும் மூலப் பத்திரமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஓசூர் விமான நிலையத் திட்டம் பற்றி வெளியான கட்டுரையைப் படித்த வாசகர்கள், வரப்போகும் பெரிய நிலையத்தை விட்டுவிட்டுச் சிறிய விமானங்களைப் பற்றியே அதிகம் கேட்டிருக்கிறார்கள். ஓசூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் சிறு விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பதில் எழுதும் வேலையை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: தளி சாலையில் பெலகொண்டப்பள்ளிப் பக்கம் ஒரு விமான ஓடுபாதை இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் விமானமே செய்தார்கள் என்று என் மாமனார் சொல்கிறார். இது உண்மையா, ஊர்ப் பெருமைக்குச் சொல்வதா? (தேன்கனிக்கோட்டை வாசகி)

உங்கள் மாமனார் சொல்வது உண்மைதான். தனேஜா ஏரோஸ்பேஸ் அண்ட் ஏவியேஷன் என்னும் நிறுவனம் 1994-ல் அங்கே தொழிலைத் தொடங்கியது. சிறு விமானங்களைத் தயாரிப்பதற்கென்று இந்தியத் தனியார் துறையில் எழுந்த முதல் தொழிற்சாலை அது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது என்பதால், தொழிற்சாலை வந்த நாளில் அந்த மண் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே இரு மாவட்டத்தாரும் உரிமை கொண்டாடலாம்.

அங்கே உருவானது பி68சி என்னும் ஆறு இருக்கை விமானம். அதன் மூல வடிவம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து பார்த்தெனாவியா நிறுவனத்துடையது. லூயிஜி பாஸ்காலே என்பவர் வடிவமைத்தார், 1970-ல் முதன்முதலாகப் பறந்தது. இறக்கை உடலுக்கு மேலே அமைந்திருக்கும். இரண்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 200 குதிரைத்திறன் கொண்டவை. இறக்கை மேலே இருப்பதால் கீழே உள்ள நிலம் தடையில்லாமல் தெரியும். நில அளவைக்கும் வான்வழிப் புகைப்படத்துக்கும் இந்த விமானத்தை உலகெங்கும் தேடி வாங்கியதற்கு அதுவே காரணம்.

பிற்பாடு, பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா-3 என்னும் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானமும் இங்கே தயாரானது. ஆளில்லா விமானமான ரஸ்தம்-1-இன் சோதனைப் பறத்தல்கள் 2009, 2010 ஆண்டுகளில் நடந்ததும் இதே ஓடுபாதையில்தான். எனினும் முழு விமானம் செய்யும் வேலை பெருகவில்லை; நிறுவனம் விமான உதிரிப் பாகங்களின் பக்கமும் பராமரிப்பின் பக்கமும் திரும்பியது. கைத்திறன் போதாமல் நின்றது என்று யாரும் எண்ண வேண்டாம். இந்த வட்டாரத்துப் பையன்கள் அலுமினியத் தகட்டில் அடித்த ரிவெட் வரிசையை விரலால் தடவிப் பார்த்தவன் நான்; ஒரு தலைகூட மேடு தட்டாது. இந்தியாவில் சிறு விமானம் வாங்குவோர் கூட்டம் மிகச் சிறியது என்பதே என் கணிப்பில் காரணம்.

கேள்வி: சிறிய விமானம் எதுவானாலும் ‘செஸ்னா’ என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மற்ற கம்பெனிகள் இல்லையா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

வனஸ்பதி எல்லாம் டால்டா ஆன கதைதான் இது. செஸ்னாவின் விமானங்கள் எண்ணிக்கையில் அவ்வளவு அதிகம். அதன் 172 என்னும் நான்கு இருக்கை மாதிரி மட்டும் 44,000-க்கு மேல் தயாராகியுள்ளது. வேறு எந்த விமானமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. க்ளைட் செஸ்னா என்பவர் 1927-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஊரில் 1932-ல் வால்ட்டர் பீச்சும் அவர் மனைவி ஆலிவ் ஆன் பீச்சும் பீச்கிராஃப்டைத் தொடங்கினார்கள். கணவர் மறைந்த பிறகு நிறுவனத்தை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்தியவர் அந்த அம்மையார்தான். அவர்களுடைய பொனான்சா என்னும் விமானம் 1947-ல் விற்பனைக்கு வந்தது. போட்டியாளர்களாகப் பிறந்த இவ்விரு பெயர்களும் 2014 முதல் டெக்ஸ்ட்ரான் ஏவியேஷன் என்னும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

பைப்பர் நிறுவனம் தனி வழியில் வந்தது. 1938 முதல் 1947 வரை அது செய்த ‘கப்’ என்னும் மஞ்சள் நிற விமானத்தில் ஒரு தலைமுறையே பறக்கக் கற்றுக்கொண்டது. தூரத்தில் பார்த்தே இனம் காண விரும்பினால் இறக்கையைப் பாருங்கள்: செஸ்னா 172-க்கு இறக்கை தலைக்கு மேலே, பைப்பர் செரோக்கிக்கும் பொனான்சாவுக்கும் கால் மட்டத்தில். ஆனால் பைப்பரின் பழைய கப்புக்கு இறக்கை மேலேதான் என்பதால், பந்தயம் கட்டிவிட வேண்டாம்.

இன்றைய புதியவர்களில் குறிப்பிடத்தக்கவை அமெரிக்காவின் சிர்ரஸும் ஆஸ்திரியாவில் தோன்றிய டைமண்டும். இரண்டும் அலுமினியத்தை விட்டுவிட்டுக் கண்ணாடி இழை, கரி இழை கலந்த உடலுக்கு மாறியவை. இரண்டும் இப்போது சீன உடைமையில் இருப்பவை. எஞ்சின் ஒன்றே ஆனாலும் டர்பைன் பொருத்தி, உள்ளே காற்றழுத்தம் காத்து, ஒன்பது பயணிகள் வரை ஏற்றும் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பிசி-12 இந்த வரிசையில் அண்ணன். விலையிலும்தான்.

கேள்வி: இணையத்தில் 1960-ஆம் ஆண்டு செஸ்னாவின் படத்தையும் இந்த ஆண்டுச் செஸ்னாவின் படத்தையும் பார்த்தேன். கார்கள் இவ்வளவு மாறிவிட்டன. விமானம் ஏன் அப்படியே இருக்கிறது? தயாரிப்பாளர்களுக்குச் சோம்பலா? (அரூர் பொறியியல் கல்லூரி மாணவி)

கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். நிலம் வாங்கும்போது நம் பெரியவர்கள் முதலில் கேட்பது மூலப் பத்திரத்தை. விமானத்துக்கும் அப்படி ஒரு மூலப் பத்திரம் உண்டு. இறக்கை எத்தனை எடை தாங்கும், எஞ்சின் எது, தகட்டின் தடிமன் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் சோதித்துக் காட்டி, அரசின் விமானத் துறையிடம் தயாரிப்பாளர் வாங்கும் வடிவச் சான்றிதழே அது. செஸ்னா 172-க்கு அமெரிக்க அரசு கொடுத்த சான்றிதழின் எண் 3ஏ12. அந்த விமானம் முதலில் பறந்தது 1955-ல். இன்று தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் 172எஸ் மாதிரியும் அதே 3ஏ12-இன் கீழ்தான் பிறக்கிறது. மூலப் பத்திரத்திலிருந்து கிளைப் பத்திரம் பிரிவது போல, மாற்றங்கள் ஒவ்வொன்றாக அதன் தொடர்ச்சியில் சேர்க்கப்படுகின்றன. புதிய வடிவம் என்றால் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்கு ஆகும் பல கோடி ரூபாயை, ஆண்டுக்குச் சில நூறு விமானம் விற்கும் நிறுவனம் எந்தக் கணக்கில் மீட்கும்?

எஞ்சினும் அப்படித்தான். 172எஸ்-இல் இருக்கும் லைகமிங் எஞ்சின், நான்கு சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் அமைந்து காற்றால் குளிரும் 180 குதிரைத்திறன் எஞ்சின். ரேடியேட்டர் இல்லாததால் தண்ணீர் ஒழுகிச் சூடேறும் பேச்சே இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். அவற்றுக்கு மின்பொறி தருவன ஒன்றையொன்று சாராத இரண்டு மேக்னெட்டோக்கள். பழைய மோட்டார் சைக்கிளில் இருந்த அதே மேக்னெட்டோதான்; எஞ்சின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பறக்கும்போது பேட்டரி செத்துப் போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுபாதைக்குப் போகும் முன் விமானி ஒரு மேக்னெட்டோவை அணைத்து, சுழற்சி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார். பிறகு அதை மீண்டும் போட்டு மற்றதை அணைத்துப் பார்ப்பார். உங்கள் கல்லூரிப் பேராசிரியர் இதைப் பழைய தொழில்நுட்பம் என்று சொல்லக்கூடும். அவர் சொல்வதும் சரி. ஆனால் 1958 டிசம்பரில் லாஸ் வேகாஸில் இரண்டு பேர் ஒரு செஸ்னா 172-இல் ஏறி, சாலையில் ஓடும் லாரியிலிருந்து எரிபொருளை ஏற்றிக்கொண்டே 64 நாட்கள் இறங்காமல் பறந்திருக்கிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு காரணம் நீதிமன்றம். அமெரிக்காவில் எத்தனை ஆண்டு பழைய விமானம் விபத்தில் சிக்கினாலும் தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடுக்கலாம் என்றிருந்த காலத்தில், இழப்பீட்டுச் செலவும் காப்பீட்டுச் செலவும் தொழிலை நெரித்தன. 1978-ல் 17,000-க்கு மேல் இருந்த அந்நாட்டுச் சிறு விமான உற்பத்தி 1994-ல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. செஸ்னா 1986-ல் 172 தயாரிப்பதையே நிறுத்தியது. 18 ஆண்டுகள் கடந்த விமானத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்லர் என்று 1994-ல் சட்டம் வந்த பிறகுதான் 1996-ல் மீண்டும் தொடங்கினார்கள். அவர்கள் புதிதாக எதையும் முயலத் தயங்குவதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூடு கண்ட பூனை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கேள்வி: இந்திய விமானங்களின் உடலில் ‘விடி’ என்ற எழுத்துகள் ஏன்? (மொரப்பூர் பள்ளி மாணவன்)

அது நாட்டின் குறியீடு, தம்பி. நம் வண்டிகளுக்கு ‘டிஎன்’ போல, இந்தியாவில் பதிவான எல்லா விமானத்துக்கும் ‘விடி’ என்று தொடங்கி, பிறகு மூன்று எழுத்துகள் வரும். பிரிட்டிஷ் ஆட்சியில் வகுக்கப்பட்ட குறியீடு இன்றும் தொடர்கிறது.

கேள்வி: ஒரே எஞ்சின் உள்ள விமானத்தில் அந்த எஞ்சின் நின்றுவிட்டால் கல் மாதிரி விழுந்துவிடாதா? (தருமபுரி வாசகர்)

விழாது, சறுக்கி இறங்கும். விமானத்தைத் தாங்குவது இறக்கையின் மீது ஓடும் காற்றே ஒழிய எஞ்சின் அல்ல. எஞ்சின் நின்றதும் விமானி மூக்கைச் சற்றே தாழ்த்தி, செஸ்னா 172 என்றால் மணிக்கு ஏறத்தாழ 125 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பார். அப்போது ஆயிரம் அடி உயரத்தை இழப்பதற்குள் விமானம் சுமார் 2.8 கிலோமீட்டர் முன்னே போகும். உங்கள் ஊருக்கு நேர் மேலே, தரையிலிருந்து ஐயாயிரம் அடியில் எஞ்சின் நின்றால், காற்று எதிர்க்காத நாளில் 14 கிலோமீட்டர் போகலாம். அதாவது அதியமான்கோட்டையையும் தாண்டலாம். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிடும் என்பதால், கேழ்வரகு அறுத்த ஒரு நீளமான காடு கிடைத்தால் பிழைக்க வாய்ப்பு நிறையவே உண்டு. நம் பக்கத்தில் பயப்பட வேண்டியவை வரப்பும் மின்கம்பியும் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளும்தான்.

உண்மையான ஆபத்து வேறு. பதற்றத்தில் மூக்கைத் தூக்கி வேகத்தை இழந்தால், இறக்கை காற்றைப் பிடிக்கும் ஆற்றலை இழக்கும். அதைத்தான் ‘ஸ்டால்’ என்கிறோம். கார் எஞ்சின் ஸ்டால் ஆவதோடு இதைக் குழப்பி, எஞ்சின் நின்றது என்று செய்தியில் எழுதிவிடுகிறார்கள். எஞ்சின் முழுப் பலத்தில் ஓடும்போதே இறக்கை ஸ்டால் ஆகலாம்.

சிர்ரஸ் விமானங்களில் இதற்கெல்லாம் கடைசித் துணையாக, விமானத்தையே தாங்கும் ஒரு பெரிய பாராசூட் இருக்கிறது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான ஆலன் க்ளாப்மையர், 1985-ல் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதியும் உயிர் தப்பியவர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ஏற்பாடு இது. கூரையிலுள்ள சிவப்புப் பிடியை இழுத்தால் சிறு ராக்கெட் ஒன்று பாராசூட்டை வெளியே இழுத்துச் செல்லும். விமானம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,700 அடி என்ற வேகத்தில் இறங்கும். கணக்குப் போட்டால், பன்னிரண்டு பதின்மூன்று அடி உயரத்திலிருந்து போட்ட அதிர்ச்சி வரும். இடுப்பு வலிக்கும், உயிர் இருக்கும்.

கேள்வி: நான் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறேன். சிறு விமானத்துக்கு எங்கள் பங்க் பெட்ரோலை ஊற்றலாமா? (காரிமங்கலம் வாசகர்)

செஸ்னா 172-க்கு ஊற்றக் கூடாது. அதற்குரியது ஏவிகேஸ் 100 எல்எல் என்னும், இன்றும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோல். நம் வண்டிப் பெட்ரோலிலிருந்து ஈயம் 2000-ஆம் ஆண்டிலேயே விலகிவிட்டது. இந்தப் பழைய எஞ்சின்கள் இன்னும் அதை விடவில்லை. நெடுங்காலம் இறக்குமதியை நம்பியிருந்த இந்த எரிபொருளை 2022-ல் இந்தியன் ஆயில் உள்நாட்டில் தயாரிக்கத் தொடங்கியது. ஹன்சாவில் இருப்பது போன்ற ரோட்டாக்ஸ் எஞ்சின்கள் ஈயமற்ற பெட்ரோலை ஏற்பவை என்றாலும், அவற்றின் தயாரிப்பாளர் பத்து விழுக்காடு எத்தனால் வரைதான் அனுமதிக்கிறார். உங்கள் பங்க்கில் வருவதோ இருபது விழுக்காடு கலந்தது.

100 எல்எல்லுக்கு நீல நிறம் ஏற்றியிருப்பார்கள். பறக்கும் முன் இறக்கைக்கும் உடலுக்கும் அடியிலுள்ள வடிகால்களில் ஒரு சிறு கண்ணாடிக் கோப்பையை அழுத்தி எரிபொருளை எடுத்துப் பார்க்க வேண்டும். 172எஸ்-இல் அப்படிப் பதின்மூன்று இடங்கள் உண்டு. தண்ணீர் இருந்தால் கனம் அதிகமாதலால் அடியில் நிறமின்றித் தங்கும், நீலம் மேலே மிதக்கும், இடையே கோடு தெரியும். வேறு மாநிலத்தில் ஓரிடத்தில், இரவு முழுவதும் மழை பெய்து விட்ட ஒரு காலையில், பயிற்சி மாணவர் ஒருவர் கோப்பையைத் தூக்கிக் காட்டி, “சுத்தமாக இருக்கிறது, சார், கோடே இல்லை” என்றார். கோடு இல்லைதான், நீலமும் இல்லை. முகர்ந்து பார்க்கச் சொன்னேன். கோப்பை முழுவதும் மழைத் தண்ணீர். தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அன்று முதல், கோப்பையை வெள்ளைச் சட்டைக்கு எதிரே பிடித்து நிறம் பார், பிறகு மூக்கால் பார் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

கேள்வி: ஓசூரில் வெயில் காலத்து மதியத்தில் சிறு விமானங்கள் ஓடுபாதையில் நீண்ட தூரம் ஓடிய பிறகே எழும்புகின்றனவே, ஏன்? (பாகலூர் வாசகர்)

கூர்ந்து கவனித்திருக்கிறீர்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று ஏற்கெனவே மெலிந்தது. வெயிலில் அது மேலும் விரிந்து மெலிகிறது. வெப்பம் 35 டிகிரி என்றால், விமானத்துக்கு அது ஆறாயிரம் அடி மலையுச்சியில் நிற்பதற்குச் சமம். எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றும் குறைவு, இறக்கை தாங்கிக்கொள்ளும் காற்றும் குறைவு, புரொப்பெல்லர் கடைந்து பின்னே தள்ளும் காற்றும் குறைவு. 180 குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் காணாமல் போய்விடும். கடலோரத்தில் ஓடுவதைப் போல ஒன்றரை மடங்கு ஓட வேண்டிவரும். பெலகொண்டப்பள்ளி ஓடுபாதை ஏறத்தாழ 7,000 அடி நீளம் என்பதால் கவலை இல்லை. குட்டையான ஓடுபாதையில் நான்கு பேரும் பெட்டிகளும் முழுத் தொட்டியுமாக மதியம் புறப்பட நினைப்பவர், அதிகாலைக்கு ஒத்திப் போடுவது நல்லது.

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். விமானம் ஓட்ட என்ன தகுதி வேண்டும்? (பென்னாகரம் வாசகர்)

பயிற்சி மாணவர் உரிமத்துக்கு 16 வயது. சொந்தமாக ஓட்டும் தனியார் உரிமத்துக்கு 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, குறைந்தது 40 மணி நேரப் பறத்தல். தொழிலாகக் கொள்ள 18 வயது, இயற்பியலும் கணிதமும் அடங்கிய ப்ளஸ் டூ, 200 மணி நேரம். மருத்துவச் சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் முடித்துவிடுங்கள். பணம் கட்டிய பிறகு கண்ணில் குறை என்று தெரியவருவது பெரிய வேதனை. பெங்களூரு ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் 1949-லேயே உஷா சுந்தரம் தேறிவந்தார் என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கிரானைட் தொழிலில் இருக்கிறேன். பழைய சிறு விமானம் ஒன்றை வாங்கி என் மாந்தோப்பின் பக்கத்திலேயே இறக்கலாம் என்று எண்ணுகிறேன். என்ன விலை ஆகும், எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (பர்கூர் வாசகர்)

மாந்தோப்பு ஆசையை முதலில் தள்ளி வையுங்கள். நம் நாட்டில் சொந்த நிலம் என்பதற்காக அதில் விமானத்தை இறக்கிவிட முடியாது. இடத்துக்கு அனுமதி வேண்டும், ஒவ்வொரு பயணத்துக்கும் பயணத் திட்டமும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வேண்டும்.

புதிய செஸ்னா 172 நான்கு லட்சம் டாலருக்கு மேல், அதாவது மூன்றரைக் கோடி ரூபாய் அளவில் வரும். 2025 செப்டம்பர் முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு. பழையது மலிவாகத் தெரியும். ஆனால் அந்த எஞ்சினைப் பொதுவாக 2,000 மணி நேரத்தில் முழுவதும் பிரித்துச் சீரமைக்க வேண்டும் என்பதால், 1,900 மணி ஓடிய விமானத்தின் விலையோடு ஓர் எஞ்சின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கடலோரத்தில் நின்ற விமானமானால் இறக்கையின் உட்புறத்தை விளக்கடித்துப் பார்க்காமல் பேச்சையே தொடங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பதிவேடுகளைப் பாருங்கள். உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று என்று தனித்தனி உண்டு. எந்த நாளில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, யார் கையெழுத்திட்டார் என்பது முதல் நாளிலிருந்து அறுபடாமல் வர வேண்டும். அந்தத் தொடர் அறுந்தால், மேலே சொன்ன 3ஏ12-ஓடு அந்த விமானத்துக்கு உள்ள உறவும் அறுந்துபோகிறது. பிறகு அது வெறும் அலுமினியம்.

ஒரு முறை, விற்பனைக்கு வந்த விமானம் ஒன்றைச் சோதிக்க என்னை அழைத்துப் போனார்கள். பெயிண்ட் புதிது, இருக்கைகளுக்குத் தோல் உறை, எஞ்சின் முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொண்டது. எஞ்சின் பதிவேட்டைப் புரட்டினேன். இரண்டு ஆண்டுப் பதிவுகள், எண்ணெய் மாற்றியது, பிளக் துடைத்தது என்று ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே நீல மை, ஒரே சாய்வு, எழுதிய கை ஓய்ந்துபோய் வரவரக் கீழே இறங்கும் வரிகள். ஒரு விரல் ரேகை, ஒரு கிரீஸ் கறை கிடையாது. இரண்டு ஆண்டு வேலையை யாரோ ஒரே மாலையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நான் பதிவேட்டை மூடி மேசை மேல் வைத்தேன். வாங்க வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அன்று இரவு ரயிலிலேயே ஊர் திரும்பினார்.